உந்துதல் பேணும் மேலாளர்

"தொண்டர்களின் உள்ளார்ந்த உந்துதலைக் கண்டறிந்து, பேணி, வளர்த்து, அவர்களுக்குத் தோள்கொடுப்பவர்" என்று நியமன உத்தரவில் இருக்கும். ஆளைப் பார்த்திருப்பீர்கள். தொண்டு நிறுவனம் முளைக்கும் இடத்திலெல்லாம் கூடவே முளைக்கும் இனம். தொண்டர்கள்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். அவர்கள் செய்யும் வேலைமேல்தான் அவ்வளவு பிடிப்பில்லை.

நாம் பார்க்கப்போகிறவர், பார்வையற்றவர்களுக்குப் பாடம் வாசித்துக்காட்டும் நிலையத்தில் இருக்கிறார். அங்கே வாசிக்க வருபவர் ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டர். வாசிப்பறைக்கு நல்ல பல்பு வேண்டுமென்று ஐந்து மாதமாகக் கேட்கிறார். கேட்கும்போதெல்லாம் மேலாளர் உருகிப்போவார், தோளில் தட்டுவார், தட்டிவிட்டு, 'நீங்கள் ஏன் வருகிறீர்கள்?' என்று பன்னிரண்டு பக்கப் படிவம் நீட்டுவார். கண்டக்டர் ஒரே வரி எழுதினார்: வீட்டில் பொழுது போகவில்லை. இது உந்துதலில் சேருமா என்று ஆராயத் தனிக் கூட்டம் நடந்தது. பல்பு?

அங்கே பாடம் கேட்க வரும் சட்டக்கல்லூரி மாணவி ஒருத்திக்கு மறுநாள் தேர்வு. ஒரு பாடம் பாக்கி. அன்று மாலை பார்த்துத் தொண்டர் பாராட்டு விழா. வாசிப்பறையைக் காலிசெய்து, மேடை போட்டு, சரவிளக்குத் தொங்கவிட்டு, வாசிக்கிறவர்களை வாசிக்கவிடாமல் வரிசையாக உட்காரவைத்து, வாசிப்பின் பெருமைபற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார் மேலாளர். பிறகு சிறந்த தொண்டரை அழைத்தார். கண்டக்டரின் நாற்காலி காலி.

முழ நீள விருதைத் தூக்கிக்கொண்டு தேடினார். மாடிப்படித் திருப்பத்தில், மங்கிய வெளிச்சத்தில், கண்டக்டர் புத்தகத்துக்குள் மூக்கை நுழைத்திருந்தார். பக்கத்துப் படியில் மாணவி.

"எல்லாரும் காத்திருக்காங்க," என்றார் மேலாளர், நொந்துபோய். "உங்களை ஊக்கப்படுத்த நான் இன்னும் என்னதான் செய்யணும்?"

"அதை ஓரமா வெச்சுட்டு, போன்ல டார்ச்சைப் போட்டு இப்படிக் காட்டுங்க சார். இன்னும் பதினாலு பக்கம் இருக்கு."

"கையை ஆட்டாம பிடிக்கச் சொல்லுங்க அங்கிள்," என்றாள் மாணவி. "நீங்க வரி தாண்டுறீங்க."

ஆண்டறிக்கையில் அந்த மாலைக்கு நான்கு பக்கம். 'தலைமைப் பண்பு' பதினேழு இடத்தில் வருகிறது.

சிரிக்காதீர்கள். போன வாரம், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவரைச் சமையலறை வாசலில் சாய்ந்தபடி "உன்னை மாதிரி வருமா" என்று மனதாரப் பாராட்டியது யார்? துடைக்கும் துணி கைக்கெட்டும் தூரத்தில்தானே தொங்கியது?

அந்த மாலை மேலாளர் செய்தது இதுதான்: பதினான்கு பக்கமும் முடியும்வரை டார்ச் பிடித்தார்.