கேட்டைப் பார்க்க வந்த மாப்பிள்ளை

"அச்சாயா, நாளைக்கு ஹர்த்தால். வெல்டர்னா மனுஷன் இல்லையா? கோழி வாங்கி வெச்சிருக்கேன். நாளன்னைக்கு வர்றேன்."

சாபு போனை வைத்துவிட்டான். மாத்துக்குட்டி தன் வீட்டுக் கேட்டைப் பார்த்தார். மேல் கீல் துருப்பிடித்து அறுந்துபோய், குடித்தவன் போல ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

மறுநாள் காலையில் மகள் ஜின்ஸியைப் பெண் பார்க்க வருகிறார்கள். தொடுபுழைப் பக்கத்தில் ஹர்த்தால் அன்றுதான் மாமன் மச்சான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கார்க் கண்ணாடியில் 'கல்யாணம்' என்று காகிதம் ஒட்டிவிட்டால் ரோட்டை மறிக்கிறவனும் வழிவிடுவான். அதெல்லாம் சரிதான். வருகிற மாப்பிள்ளை யார்? கத்தாரில் எண்ணெய்க் கம்பெனியில் வெல்டிங் இன்ஸ்பெக்டர்! தரகர் பைலி சொல்லியிருந்தார், "ஒரு பிசிறு இருந்தாலும் போதும், முழுக் குழாயையும் தூக்கிப் போடச் சொல்லிடுவான்."

"ஒரு கம்பியை வெச்சுக் கட்டுங்க மனுஷா, போதும்" என்றாள் மனைவி ஏலிக்குட்டி.

"கம்பியா? வந்ததும் அவன் உன் மூஞ்சியையா பார்ப்பான்? கேட்டைத்தான் பார்ப்பான்!"

அவர் பயம் அவருக்கு. முன்பு வந்த வரன் ஒன்று ரோடு குறுகல் என்று போனது. இன்னொன்று பெண் உயரம் என்று போனது. ஜின்ஸி எதற்கும் வாய் திறக்கவில்லை. இந்தப் பையன் போட்டோவை மட்டும் பைபிளுக்குள் வைத்து அடிக்கடி பைபிள் படித்தாள். இந்தக் கேட்டினால் இந்த வரனும் கெட்டது என்றால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

அன்று சாயங்காலமே, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த குரியாக்கோஸின் வாடகைச் சாமான் கடைக்குள் குனிந்து நுழைந்தார். "ஒரு வெல்டிங் மெஷின் குடுங்க. நானே ஒட்டிக்கறேன்."

"என்னத்தை ஒட்டணும்?"

"வீட்டுக் கேட்டு. கீல் போயிடுச்சு."

"குழாய் கேட்டுதானே? இந்தச் சின்னதை எடுங்க. வீட்டுப் பிளக்குலயே ஓடும். மெல்லிசுக் குழாய்க்கு இது போதும்."

டிபன் டப்பா அளவில் இருந்த அதை மாத்துக்குட்டி அருவருப்போடு பார்த்தார். "அந்தப் பெரிசு?"

"அது லாரிக்கு அடியில ஒட்டறவங்க வாங்கறது. வீட்டு லைன் தாங்காது. குழாயும் தாங்காது."

"வர்றவன் இன்ஸ்பெக்டர் ஐயா! இந்த டப்பாவை வெச்சு நான் என்னத்தை ஒட்டறது? பெரிசையே எடுங்க."

"முகமூடி வேணாமா?"

"கூலிங் கிளாஸ் இருக்கு."

குரியாக்கோஸ் சிலுவை போட்டுக்கொண்டு மெஷினை இறக்கிக் கொடுத்தார்.

விடிந்ததும் வேலை தொடங்கியது. சுவிட்சைப் போட்டார். டப்பென்று ஃபியூஸ் போனது. உள்ளே மிக்ஸி நின்றது.

"தேங்காய் பாதி அரைச்சபடி நிக்குது!" என்று ஏலிக்குட்டி கத்தினாள்.

"அம்மியில அரை!"

கிணற்று மோட்டார் லைன் தடிமன் என்று அதிலிருந்து கரண்டை இழுத்தார். இந்த முறை மெஷின் உறுமியது. வெல்டிங் குச்சியைக் கேட்டில் வைத்தார். தீப்பொறி பறந்தது. ஒட்ட வேண்டிய இடத்தில் விரல் நுழையும் ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்கப் போனார். கை நுழையும் ஓட்டையானது.

"சாச்சா, கரண்டைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன்" என்றாள் ஜின்ஸி அப்பாவிடம், ஜன்னலிலிருந்து.

"கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே இன்ஸ்பெக்டர் பொண்டாட்டி ஆயிட்டியா? போய்ச் சேலையைக் கட்டு!"

பழைய கட்டிலிலிருந்து ஒரு இரும்புத் தகட்டைப் பிடுங்கி வந்து ஓட்டையின் மேல் வைத்தார். நாலு பக்கமும் சுட்டார். மிச்சமிருந்த குச்சிகளையும் அதன் மேலேயே தீர்த்தார். வேப்பம்பிசின் வழிந்தது போல இரும்பு கட்டி கட்டியாக நின்றது. ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. திறந்து பார்த்தார். அதற்கும் அசையவில்லை. கேட்டு, கீல், தூண் மூன்றும் ஒன்றாகிவிட்டிருந்தன.

கூலிங் கிளாஸ் காப்பாற்றாத கண்கள் மிளகாய் பட்டது போல எரிந்தன. கண்ணீர் கொட்டியது. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் ஹாரன் கேட்டது.

'கர்த்தாவே, என் பிள்ளைக்கு வந்த நல்லதை நானே வாசலை அடைச்சு நிறுத்திட்டேனே' என்று மாத்துக்குட்டி உள்ளுக்குள் புலம்பினார். இனிமேல் அழக் கண்ணீரும் இல்லை, எல்லாம் ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்தது.

"ஏன் அழறாரு?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று.

"பொண்ணைப் பிரியணுமேன்னு" என்றார் தரகர் பைலி, சற்றும் யோசிக்காமல்.

உள்ளேயிருந்து ஒரு ஸ்டூல் வந்தது. மாப்பிள்ளை ஷின்டோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரேறிக் குதித்தான். அம்மாவைக் கைகொடுத்து இறக்கினான். மூக்கை உறிஞ்சினான்.

"மீன் குழம்பா? குடம்புளியைக் கொஞ்சம் முந்திப் போட்டுட்டீங்கன்னு நினைக்கிறேன்."

ஏலிக்குட்டியின் முகம் செத்துவிட்டது. பைலி மாத்துக்குட்டியின் காதில், "பார்த்தீங்களா? எதுவும் தப்பாது" என்றார்.

ஷின்டோ கேட்டின் பக்கம் திரும்பினான். மாத்துக்குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகிற மானம் முழுசாகவே போகட்டும்.

"மோனே, உள்ளதைச் சொல்லு. நானே ஒட்டினது. எப்படி இருக்கு?"

ஷின்டோ குனிந்து அந்தக் கட்டிகளைத் தடவிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து ஜின்ஸி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அருமையா இருக்கு அங்கிள். நல்லா திக்கா, உறுதியா இருக்கு. இதுல ஒரு குறையும் சொல்ல முடியாது."

மாத்துக்குட்டி தன் காதையே நம்பவில்லை. "ஏலிக்குட்டீ! கேட்டியா? கத்தார்க் கம்பெனியே பாஸ் போட்டுடுச்சு! கம்பியைக் கட்டச் சொன்னியே!"

பைலிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

சுவரின் மேல் இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக மாட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் மாமா பெருமை தாங்காமல் சொன்னார்:

"அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும் அச்சாயா. அந்தக் கம்பெனியில இருக்கற அத்தனை வெல்டருக்கும் மூணு வேளையும் சோறாக்கிப் போடறது எங்க பையன்தானே!"