சிந்தித்து முடித்த நாற்று

எருத்தேன்பதி ஊரில் மௌனிகா தக்காளி நாற்று வளர்த்தாள். அது நன்றாக வளர்ந்துவிட்டது. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

பள்ளியில் அவளைப்போல் வேளாண்மைத் தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைகள், தாங்கள் கற்றதைப் பற்றிச் சிந்தித்து இ-போர்ட்ஃபோலியோ என்னும் இணையப் பதிவேட்டில் பதிவேற்ற வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. முதலில் 'நான் செய்த தவறு', பிறகு 'அப்போது என் மனநிலை', கடைசியில் 'அதனால் நான் அடைந்த வளர்ச்சி'. தவறு காலியாக இருந்தால் அடுத்த கட்டம் திறக்காது. திறக்காவிட்டால் மார்க்கு இல்லை, மார்க்கு இல்லாவிட்டால் அவள் கனவு கண்ட வேளாண் கல்லூரியும் இல்லை.

"தப்பே பண்ணலைங்க சார். நல்லா மொளச்சு வந்துருச்சுங்க."

மலையாளி வாத்தியார் ஜிதின் சார் நல்ல மனிதர். அதனால் கோபப்படாமல் வருத்தப்பட்டார். "நாத்து வளர்ந்தது சரி மோளே. நீ வளர்ந்ததுக்கு போட்டோ எவிடே?"

அப்பா மோகனசுந்தரம் அந்த நாற்றை நம்பித்தான் காட்டை உழுது போட்டிருந்தார். அது மௌனிகாவுக்கும் தெரியும். இருந்தாலும் படிப்பு முக்கியமல்லவா? உச்சி வெயிலில் காய்ந்து கிடந்த குழாயைத் திறந்து, கொதிக்கக் கொதிக்க வந்த தண்ணீரை நாற்றின் தலையில் விட்டாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் சுருண்டு படுத்துவிட்டன. மனநிலைக்காகப் பாசாங்கு எதுவும் தேவைப்படவில்லை, அழுகை தானாகவே வந்தது. அதையும் போட்டோ எடுத்துப் போட்டாள். முழு மார்க்கு விழுந்தது.

அப்பா வேறு நாற்றுக்கு ஊரெல்லாம் அலைந்தார். எந்த வீட்டிலும் இல்லை. அவள் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் சிந்தித்து முடித்திருந்தார்கள்.

மகளையும் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடம் போனார். "ஏனுங்க சார், எங்காடு சும்மா கெடக்குதுங்களே."

ஜிதின் சார் அவரை மரியாதையாக உட்கார வைத்தார். "இதுல உங்க தவறு என்னன்னு யோசிச்சீங்களா?"

மோகனசுந்தரம் மகளைத் திரும்பிப் பார்த்தார். "புள்ளைய இங்க படிக்க அனுப்புனதுங்க."

சாரின் முகம் மலர்ந்தது. 'பெற்றோர் பங்கேற்பு' என்ற பகுதியைத் திறந்து, ஓர் எழுத்தும் மாற்றாமல் பதிந்தார். வெறுங்காட்டின் போட்டோவையும் கேட்டு வாங்கிச் சேர்த்தார். பெற்றோருக்கும் முழு மார்க்கு வந்தது.

திரும்பும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து மௌனிகா பின்னால் நடந்தாள். அவரோ எதிரில் வந்தவர்களிடமெல்லாம் ஃபோனை நீட்டித் தன் மார்க்கைக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் காட்டுக் குப்பண்ணன் அதை வாங்கி உற்றுப் பார்த்தார். அவர் தோட்டத்தில் தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது.

"ஏங்கண்ணு," என்று கவலையோடு மௌனிகாவைக் கேட்டார், "எங்காடு இப்புடிப் பச்சையா இருந்தா மார்க்கு வராதா?"