என் போர்வெல் மேல் குற்றமில்லை, சம்பந்தி

வடகரப்பதி,
வெள்ளிக்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி மாரீஸ்வரன் அவர்களுக்கு, உங்கள் மருமகனைப் பெற்ற குப்பண்ணன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் செல்லாத்தாளும் தென்னைகளும் சௌக்கியம். எஸ்டேட் குளிரில் தாங்களும் சௌக்கியமாக இருக்க மாகாளியம்மன் துணை. நாலரை மாதமாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடுதாசி. தபால்காரரைக் கட் பண்ண முடியாதல்லவா?

முதலில் நல்ல சங்கதி. பிறந்த நாலாம் நாள் ஆபரேஷன் ஆன நம் பேத்தி தேறி வருகிறாள். மூச்சுக்காக வைத்த குழாய் மட்டும் இன்னும் வாயில் இருக்கிறது. நிறம் உங்கள் பக்கம், பிடிவாதம் எங்கள் பக்கம்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். செல்வலட்சுமிக்கு ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்தபோது, பிள்ளையின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தடுப்பில் ஓட்டை இருக்கிறது, இரைப்பையும் குடலும் மேலேறி நெஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கின்றன என்றார்கள். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் காலையில் நீங்கள் போனில் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் பறந்துவிட்டது. “வயித்துப்பிள்ளக்காரி இருக்க வீட்டுல மண்ணத் தோண்டலாமா சம்பந்தி? அறுநூறு அடிக்கு ஓட்டை போட்டீயளே, அந்த ஓட்டைதான எம்மக வயித்துப் பிள்ள நெஞ்சுல வந்து நிக்கி! அத மூடுற வரைக்கும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்!” என்றீர்கள்.

அதோடு விட்டதா? செல்லாத்தாளும் உங்கள் கட்சியில் சேர்ந்துகொண்டாள். “ஏனுங்க, அந்த மோட்டாரப் போடாதீங்க, புள்ளைக்கு ஆகாது”ன்னு சுவிட்சுப் பொட்டியப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிட்டா, தண்ணியில்லாம குரும்பையெல்லாம் கொட்டுது, பக்கத்துத் தோட்டத்து ஜோபி வேற தினம் வந்து மோட்டாருக்கு என்னாச்சுன்னு துக்கம் விசாரிக்கறான், போர் வாயில பூசணிக்கா ஒடச்சாப் பரிகாரம்னு ஆரோ சொன்னதைக் கேட்டு ஒடச்சேனுங்க, அதே பூசணிக்கா மேல நானே வழுக்கி விழுந்து பத்து நாள் இடுப்புல கட்டோட படுத்துக் கிடந்தேன். பரிகாரம் எனக்குத்தான் ஆச்சு.

பேத்திக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள், போர் வண்டிக்காரன் கொடுத்த ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த மலையாளத்து அன்னமேரி டாக்டர் முன்னால் போய் நின்றேன். ‘ஓட்டை எப்படி வந்ததுங்க?’ என்று கேட்டேன்.

“ஈ தடுப்பு ஒரே துண்டா முளைக்கிறதில்ல, அங்கிள். முன்னாலருந்து ஒரு பாகம், பின்னால ரெண்டு பக்கத்துலருந்தும் மடிப்புகள், சுத்தி உடம்புச் சுவர்லருந்து கொஞ்சம், எல்லாம் வளர்ந்து வந்து ஒண்ணாச் சேரணும். இடதுபக்கம் பின்னாலதான் அடையறதுக்கு லேட் ஆகும். அடையாம நின்னா, குடல் மேல ஏறிடும். பின்ன நுரையீரலுக்கு வளர ஸ்தலம் இல்ல.”

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. நாலு பக்கமிருந்தும் வரப்புப் போட்டு வந்து, ஒரு மூலை மட்டும் விட்டுப்போனால் அடுத்தவன் வயல் தண்ணீர் நம் வயலுக்குள் வராதா? அதேதான்.

“எத்தன நாள்லீங்க அடையோணும்?”

“பத்துப் பன்னிரண்டு ஆழ்ச்சைக்குள்ள. வாரம், வாரம்.”

ரசீதை நீட்டினேன். டாக்டர் அதிலிருந்த தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். போர் போட்டது பதினேழாவது வாரம்! “அதுக்கு முன்னாடி போட்டிருந்தாலும் ஒண்ணும் வராது அங்கிள். ஏன் அடையலன்னு மிக்கவாறும், பெரும்பாலும், எங்களுக்கே தெரியாது. ஆரும் செஞ்ச தப்பில்ல” என்று சிரித்தார். பின்னால் சொன்னது எனக்கு அவசியப்படவில்லை. பதினேழு போதும்.

ஆகையால் சம்பந்தி அவர்களே, என் போர் நிரபராதி. அதை நாலு பேர் முன்னால் உங்கள் வாயால் சொல்லும்வரை, பேர் வைக்கிற விசேஷத்துக்கு உங்களுக்குப் பத்திரிகை கிடையாது. நானும் லேசுப்பட்ட ஆள் இல்லைங்க.

மற்றபடி தங்கள் தேயிலை தளிர்க்க, மூட்டுவலி குறைய, சகல பாக்கியமும் பெருக ஆசீர்வாதம் கேட்டும் கொடுத்தும் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
குப்பண்ணன்

பின்குறிப்பு: ஒட்டின கவரைக் கிழிச்சு இதை எழுதறேனுங்க. இப்பத்தான் உங்க மாப்பிள்ளை சதீஷ் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். குழாயை எடுத்துட்டாங்களாம். போனைப் புள்ளைகிட்ட வெச்சான். பொறந்து பதினாறு நாளாச்சு, இத்தனை நாளும் வாயைத் தொறந்து அழுவா, குழாய் இருக்கறதால சத்தமே வராது. இன்னைக்குக் கத்துனா பாருங்க! நான் தோட்டத்துலயே உக்காந்து அழுதுட்டேன்.

இன்னொண்ணு. நீங்க போன்ல திட்டறதுக்கு முந்தின நாளே, ஸ்கேன் எடுத்துட்டு வந்த அன்னைக்குச் சாயங்காலமே, நான் அந்தப் போர்ல ரெண்டு கூடை மண்ணைக் கொட்டிட்டேன். செல்லாத்தாதான் கையைப் புடிச்சு நிறுத்துனா. நீங்க சொன்னதை உங்களுக்கு முந்தி நெனச்சவன் நானுங்க. மேல எழுதுனதெல்லாம் அடிச்சாச்சுன்னு வெச்சுக்கங்க.

இதைத் தபால்ல போடலைங்க. உங்க கையில குடுத்துட்டு வெளியதான் நிக்கறேன். படிச்சாச்சுன்னா சட்டையை மாட்டிட்டு வாங்க, கீழ ஜீப்பு நிக்குது.