எட்டுக் கவச வாகனங்களும் ஒரு மஞ்சள் அட்டையும்

கவச வாகனத்தை உடைக்காமல் நிறுத்துவது லேசான காரியமில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் ஆமியை மறிக்க றோட்டுக்குக் குறுக்கே கிடங்கு வெட்டிப் பார்த்தார்கள், பனங்குற்றி உருட்டிப் பார்த்தார்கள். அது ஏறியிறங்கி வந்துகொண்டேயிருந்தது. டென்மார்க்கில் எட்டை ஒரு கீறலும் விழாமல் நிறுத்தியவன் நான். (எட்டுத்தான். எண்ணினேன். எண்ணாவிட்டால் எனக்குத் தலையிடி வரும்.) ஆனால் பெருமையாகச் சொல்ல முடியவில்லை.

கோல்டிங்கில் என் தம்பி இறந்துபோனான். இரண்டு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். இந்த நாட்டில் இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான். அதற்குள் போய் அவன் முகம் பார்த்து வாய்க்கரிசி போட வேண்டும். நாங்கள் இருக்கும் கிரின்ஸ்டெட்டிலிருந்து மகள் சுகன்யா காரோட்டினாள். வேட்டியுடன் பக்கத்தில் இருந்த நான் வேகமாகப் போ என்றும் மெதுவாகப் போ என்றும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒடுங்கிய றோட்டு. ஏதோ பயிற்சி முடிந்து எதிரே கவச வாகனங்கள் வரிசையாக வந்தன. சுகன்யா காரை ஓரமாக நிறுத்தினாள்.

"ரெண்டு நிமிசம், அப்பா. அவை போனோடன வெளிக்கிடுவம்."

அவள் சொன்னது காதில் விழுந்தது. கால்தான் கேட்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, மஞ்சள் நிறச் சுகாதார அட்டையை எடுத்து உயர்த்தி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். ஊரில் ஆமி வாகனம் வந்தால் நானும் தம்பியும் சைக்கிளை விட்டிறங்கி, அடையாள அட்டையோடு அப்படித்தான் நிற்போம். டென்மார்க்குக்கு வந்துவிட்டோம் என்ற செய்தி, முப்பத்தேழு வருடமாகியும், என் உடம்புக்குப் போய்ச் சேரவில்லை.

முதல் வாகனம் நின்றது. பின்னால் ஏழும் நின்றன.

"அப்பா! கையைக் கீழ போடுங்கோ!" காருக்குள்ளிருந்து சுகன்யா கத்தினாள்.

இறங்கி வந்த சிப்பாய்க்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. உதவி ஏதும் வேண்டுமா என்று டெனிஷில் பணிவாகக் கேட்டான். டெனிஷ் பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணிய நான் தமிழில் சொன்னேன்:

"சேர், செத்தவீட்டுக்குப் போறம், சேர். விடுங்கோ, சேர்."

பிள்ளை பயந்துபோனான். எனக்கு மாரடைப்பு என்று நினைத்து அவர்களுடைய மருத்துவ உதவியாளரைக் கூப்பிட்டான். அவள் என்னை இருத்தி இரத்த அழுத்தம் பார்த்தாள். கூடிக் கிடக்கிறது என்று மறுபடியும் பார்த்தாள். போர்வை போர்த்தினாள், தண்ணீர் தந்தாள். சுகன்யா அழுதழுது விளக்கம் சொல்லியும் லேசில் விடவில்லை, அவ்வளவு அன்பு. நான் பேசாமல் காருக்குள் இருந்திருந்தால் எப்போதோ கடந்து போயிருப்பார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடி, ஆணியும் முறுக்கி முடித்திருந்தார்கள். அரிசியை மூடியின் மேல் போட்டேன். சில மணிகள் உருண்டு நிலத்தில் விழுந்தன. எண்ணவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் என்ன கொண்டாட்டம் என்றாலும் பேரப்பிள்ளைகளுக்கு இதுதான் விளையாட்டு. பேரன் டாங்கி மாதிரி உறுமிக்கொண்டு வருவான். பேத்தி தன் பஸ் அட்டையைத் தூக்கிப் பிடித்து, "சேர், சேர்" என்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பேரனின் போன பிறந்தநாளில் தம்பியின் மனைவி சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவரும் அந்தக் காருக்குள்ள இருந்திருந்தா, அத்தான், உங்களுக்கு முன்னம் இறங்கியிருப்பார்."

"ஓம்," என்றேன். "ஊரில நான் கை தூக்கச் சுணங்கினா என்ர கையையும் அவன்தான் பிடிச்சுத் தூக்கிவிடுறவன்."