பழைய தலையணைக்குப் புதிய உறை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். குறையவில்லை என்றால் இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படிக்கவும். இங்கே நானும் என் மகனும் தங்கள் மகளும் நலம். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். ஆனால் உப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்வதற்குக்கூட நானும் அவளும் என் மகன் வழியாகத்தான் பேசிக்கொள்கிறோம். அவன் மேசை விசிறி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் தலையாட்டிக்கொண்டிருக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் திங்கட்கிழமை தங்கள் மகள் என்னை என் சொந்தக் கடையிலிருந்து வெளியேற்றப் போகிறாள். கையைப் பிடித்து அல்ல, கம்ப்யூட்டரில். அங்கே இப்போது என் பெயருக்கு நேராக ‘உரிமையாளர்’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் ‘பார்வையாளர்’ என்று போடப் போகிறாளாம். பார்வையாளர் என்றால் எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் தொடக் கூடாது. அதற்கு நான் மியூசியத்துக்கே போகலாமே! தாங்கள் தயவுசெய்து தங்கள் மகளைக் கண்டியுங்கள்.

தாங்கள் நியாயம் சொல்ல வேண்டும் என்பதால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். என் கணவர் ஒரு தையல் மெஷினும் ஒரு மூட்டைப் பஞ்சுமாகத் தொடங்கிய தலையணைக் கடை அது. அவர் போன பிறகு நான் பார்த்துக்கொண்டேன். தங்கள் மகள் வந்துதான் அதை இன்டர்நெட்டில் ஏற்றினாள். இன்றைக்கு ஹோட்டல், ஹாஸ்டல் என்று ஆர்டர் குவிகிறது. கடைக்கு நேரில் வருகிறவர்கள் வழி கேட்க வருகிறவர்கள் மட்டும்தான். இதை நான் மறுக்கவில்லை. கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் கையெழுத்துக்கு அடுத்தது நேர்மை.

கொஞ்ச நாள் முன்பு தங்கள் மகள் எல்லாரையும் தையல் கூடத்தில் உட்கார வைத்து, “கடை பெருசாயிடுச்சு, பூட்டும் பெருசாகணும்ல?” என்று ஆரம்பித்தாள். அதுவரை மெயில், விற்பனைப் பக்கம், பேங்க் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. கடைப் பெயரும் ஒன்று, இரண்டு, மூன்றும். பேக்கிங் செய்யும் அம்மாவிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லாருக்கும் தெரியும். இனி ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, அவரவர் வேலைக்கு வேண்டியது மட்டும்தான் திறக்கும், வேலையை விட்டுப் போனவர்களின் பெயரை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்றாள். போனவரை அன்றைக்கே துடைத்துவிடுவது மரியாதையா என்று கேட்டேன். “போன கணக்கர் எதிர்த் தெருவுல தலையணைக் கடை போட்டுட்டு, தினமும் நம்ம ஆர்டரைத் திறந்து பார்த்துக்கிட்டிருக்காரு அத்தை,” என்றாள். ஒப்புக்கொண்டேன். தினமும் வந்து பார்த்தவர் என்னிடம் ஒரு வணக்கமாவது சொல்லியிருக்கலாம்.

ஆளுக்கு ஒன்று தயாராகும் வரை எல்லாருக்கும் பொதுவாகக் கடை மெயிலுக்கு ஒரு நீளமான பாஸ்வேர்டு வேண்டும் என்றாள். நான் ஒரு வாக்கியமே கொடுத்தேன்: பழைய தலையணைக்குப் புதிய உறை. ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், இருந்தாலும் ஒற்று ஒற்றுதான். இந்தக் காலத்தில் எந்தத் திருடனுக்கு ஒற்று மிகும் இடம் தெரியும்? தங்கள் மகளே அசந்து போய், “சூப்பர் அத்தை!” என்றாள். (இதை அவள் இப்போது மறுக்கக்கூடும்.)

திருடனுக்குத் தெரியாதது நம்மவர்களுக்கும் தெரியவில்லை என்பதுதான் துரதிர்ஷ்டம். எங்கள் வண்டி டிரைவர், எல்லாரும் ‘ரிவர்ஸ்’ என்று கூப்பிடுவார்கள், அது ஒன்றுதான் அவருக்கு வராது, ஒரு ஹாஸ்டல் வாசலில் நின்றுகொண்டு முகவரியைப் பார்க்க மெயிலைத் திறந்திருக்கிறார், ஒற்று இல்லாமல் தட்டியிருக்கிறார், மறுபடியும் தட்டியிருக்கிறார், மெயில் பூட்டிக்கொண்டது. எனக்குப் போன் போட்டார்.

“மேடம், அந்த ‘க்கு’வுக்கு அப்புறம் ஒரு பியா, ரெண்டு பியா?”

“நான்காம் வேற்றுமை அப்பா. வல்லினம் மிகும்.”

“வேற்றுமை எல்லாம் நமக்குள்ள வேணாம் மேடம். ஒரு பியா, ரெண்டு பியா?”

“இரண்டு. ஒன்று இந்தச் சொல்லின் முடிவில், ஒன்று அடுத்த சொல்லின் தொடக்கத்தில்.”

தெருவில் லாரிச் சத்தம் போல. மனிதர் முழு வாக்கியத்தையும் எழுத்தெழுத்தாகக் கத்திக் கேட்டார். நானும் எழுத்தெழுத்தாகக் கத்திச் சொன்னேன். ஹாஸ்டல் வாட்ச்மேன் பக்கத்திலிருந்து, “சரியாத்தாங்க சொல்றாங்க, ரெண்டு பிதான்,” என்றது எனக்கே கேட்டது. இதைத் தங்கள் மகளிடம் சொன்னபோது தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிழையில்லாமல் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று நான் நினைத்தேன்.

இந்த நிலையில்தான் ஒரு மெயில் வந்தது. ‘பாதுகாப்பு பிரிவு’ என்று கையெழுத்து. உங்கள் கணக்கு முடக்க படும், உடனே கீழே கிலிக் செய்து உருதி படுத்தவும் என்று. சம்பந்தி அவர்களே, தன் பிரிவின் பெயரையே ‘பாதுகாப்புப் பிரிவு’ என்று எழுதத் தெரியாதவன் என்ன பாதுகாக்கப் போகிறான்? திருட்டு மெயில் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் கிலிக் செய்யவில்லை. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அப்படி ஒரு தமிழைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கவும் மனம் வரவில்லை. பிழைகளை எல்லாம் திருத்தி, பக்கத்திலேயே விதியையும் எழுதி, முறைப்படி என் பெயரும் போன் எண்ணும் போட்டு அவனுக்கே திருப்பி அனுப்பினேன். ‘கணக்குக்கு பாதுகாப்பு’ என்று எழுதியிருந்தான். ‘கு’ வந்தால் அடுத்து வல்லினம் மிகும் என்று எழுதிவிட்டு, விதி என்றால் எடுத்துக்காட்டு வேண்டுமே, கைக்கு வந்ததை எழுதினேன்: பழைய தலையணைக்குப் புதிய உறை. அதன் கீழே, ‘இதை நான் தினந்தோறும் தட்டுகிறேன், ஒரு நாளும் பிழை வந்ததில்லை, நீயும் பழகு’ என்று சேர்த்தேன்.

அவன் பழகிவிட்டான்.

மறுநாள் முற்பகல் உறைகளுக்குப் பட்டன் எண்ணிக்கொண்டிருந்தேன், என் போனுக்கு ஓர் எண் வந்தது. பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் அந்த எண்ணையும் கொடுத்தால்தான் கதவு திறக்கும், அது தங்கள் மகளின் ஏற்பாடு. எண் என் போனுக்குத்தான் வர வேண்டும் என்பது என் ஏற்பாடு. உடனே ஒரு போன்.

“மேடம், செக்யூரிட்டிலேர்ந்து பேசறேன். ஒரு நம்பர் வந்திருக்கும், சட்டுனு சொல்லுங்க.”

“முதலில் வணக்கம் சொல்ல வேண்டும்.”

“அர்ஜென்ட்டும்மா, நம்பரைச் சொல்லும்மா.”

“ம்மாவா? நீங்கள் என்ன என் வீட்டுப் பிள்ளையா? போனை வைத்துவிட்டு ஒழுங்காக மறுபடி கூப்பிடுங்கள்.”

கூப்பிட்டான். வணக்கம் சொன்னான், ஆனால் யார் பேசுவது என்று சொல்லவில்லை. திருப்பி அனுப்பினேன். மறுபடி கூப்பிட்டான். தயவுசெய்து என்ற சொல் வரவில்லை. திருப்பி அனுப்பினேன். இதற்குள் அந்த எண்ணின் ஆயுள் முடிந்து வேறோர் எண் வந்துவிட்டது, பாவம், அவன் குரலே கம்மிவிட்டது. கடைசியில், “வணக்கம் மேடம், பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுகிறேன், தயவுசெய்து அந்த எண்ணைத் தெரிவிக்க இயலுமா?” என்றான். ஒற்று உட்பட.

அப்போது தங்கள் மகள் உள்ளே வந்து போனைப் பிடுங்கி அணைத்தாள். பிறகு, கத்தரித்துக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டர் முன்னாலேயே சத்தம் போட்டாள்.

“அத்தை, அவன் திருடன்!”

“தெரியாதா எனக்கு? இத்தனை நேரம் அவனை நிறுத்தி வைத்தது யார்?”

“நீங்க நம்பரோட முதல் டிஜிட்டைச் சொல்லிட்டிருந்தீங்க. என் காதால கேட்டேன்!”

“அந்த முறை அவர் ஒழுங்காகக் கேட்டார்.”

சம்பந்தி அவர்களே, கடையைக் காப்பாற்றியது யார் என்று தாங்களே சொல்லுங்கள். தன் ஏற்பாடுதான் காப்பாற்றியது என்கிறாள் அவள். என் வளர்ப்புதான் காப்பாற்றியது என்கிறேன் நான். அன்றைக்கே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினாள். திங்கட்கிழமை உரிமையாளர் பொறுப்பும் தனக்கு மாறும், நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள். “உங்க மரியாதை எங்கேயும் போகாது அத்தை, கம்ப்யூட்டர்ல மட்டும்தான்,” என்றாள். கடையே கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது! என் கணவர் எழுதி வைத்துவிட்டுப் போன பலகையில் இன்னும் அவர் பெயர்தான் இருக்கிறது, என்னை உரிமையாளர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. ‘அவருடைய வீட்டம்மா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் சொல் என் பெயருக்குப் பக்கத்தில் முதல்முதலாக வந்ததே தங்கள் மகள் திறந்த அந்த அக்கவுண்டில்தான். அவளே போட்டாள், அவளே எடுக்கிறாள். நான் கையெழுத்துப் போட மாட்டேன். எடுத்துச் சொல்லுங்கள். அவள் தங்கள் சொல்லைத் தட்ட மாட்டாள். என் சொல்லைத் தட்டியே கை ஓய்ந்திருக்கும்.

சம்பந்தியம்மாளுக்கு என் அன்பைச் சொல்லவும். தங்கள் போனுக்கு எந்த எண் வந்தாலும் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் சொல்லாமல், நெடுங்காலம் நலமாக வாழ வேண்டும் என்று பிரார்த்திக்கும்,

தங்கள் சம்பந்தி,
உரிமையாளர்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. மகனும் மருமகளும் கிடங்குக்குப் போயிருந்தார்கள். அவளுடைய விதிகளை அவளைவிட நன்றாகவே கடைப்பிடிப்பேன் என்று காட்டலாம் என்று நானே உட்கார்ந்து அக்கவுண்டைத் திறந்தேன், யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தேன். போன கணக்கர் இல்லை, நல்லது. ஆனால் முதல் இடத்தில் என் பெயரிலேயே ஒருவர் இருந்தார், ழகரம் வர வேண்டிய இடத்தில் லகரத்தோடு. அந்தத் திருடன்தான் என் பெயரில் புகுந்துவிட்டான், அவனுக்கு எழுத்துப் பிழை இன்னும் போகவில்லை என்று முடிவு செய்தேன். நீக்கு என்றேன். நிச்சயமாகவா, இவர் போனால் உரிமை அடுத்தவருக்குப் போகும் என்று கேட்டது. நிச்சயமாக என்றேன். உடனே எனக்கும் கதவைச் சாத்திக்கொண்டது. அது நான்தானாம். அவசரத்தில் மருமகள் தப்பாகத் தட்டியிருக்கிறாள், இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை. அடுத்தவர் யார் என்று தங்களுக்கே தெரியும். இப்போது என்னைப் பார்வையாளராகச் சேர்ப்பதற்கும் அவள்தான் மனம் வைக்க வேண்டும். ஆகவே, மேலே ‘தங்கள் மகளைக் கண்டியுங்கள்’ என்று வரும் இடத்தில் ‘தங்கள் மகளிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்’ என்று திருத்தி வாசிக்கவும். என் கையெழுத்துக்குக் கீழே இருக்கும் சொல்லை நானே அடித்துவிட்டேன்.