படையலில் வைத்த குறுக்கெழுத்து

மூடிய அறைக்குள் யாராவது முணுமுணுத்தால் எனக்கு இன்றைக்கும் கை சில்லிட்டுப் போகும். என் மகள் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் படித்தால்கூடப் போய்த் தட்டிவிடுவேன். ("அப்பா, போதும் லா!" என்பாள்.) காரணம் ஒரு குறுக்கெழுத்து.

எண்பதுகளில், கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் என் மாமா கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். ஞாயிற்றுப் பேப்பரின் குறுக்கெழுத்தை எனக்கு விளக்கிக்கொண்டேதான் போடுவார், வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில்.

"'தலையிழந்த சமரம் நிழல் தரும்.' சமரத்துல மொத எழுத்த வெட்டுடா. என்னா மிச்சம்? மரம்!"

ஒரு ஞாயிறு, சோறு ஆறுகிறதென்று அத்தை பேப்பரைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டார். மாமா சாப்பிடாமல் எழுந்து போனார். வழியிலேயே மாரடைப்பு.

கருமாதியன்று படையலில் கோழிக்கறி, வடை, கறுப்பு பீரான ஸ்டவுட் ஒரு போத்தல். அவற்றோடு அந்த வாரப் பேப்பரையும் பேனாவையும் அத்தை வைத்தார். "கோவம் தீந்திருந்தா வந்து எடுத்துப் பாக்கட்டும்." இனிக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்க வேண்டும், இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போவார்.

தோட்டத்துக்கு வருவது அந்த ஒரே பேப்பர். குறிப்புகளை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிடலாமென்று உள்ளே நுழைந்தேன். (அப்போது மீசை இருந்தது, மூளை இல்லை.) காலடிச் சத்தம். அலமாரிக்குப் பின்னால் ஒடுங்கினேன். கதவு சாத்தப்பட்டது.

சாம்பிராணிப் புகை, மாமாவின் படம், நான். காற்றில்லை, விளக்குச் சுடர் அசைந்தது. மேலே தகரத்தை யாரோ மிதித்ததுபோல் டக்கென்றது. பயத்தில் ஸ்டவுட்டில் பாதியைக் குடித்தேன். படத்திலிருந்த கண்கள் என்னை விடவில்லை. எனக்குத் தெரிந்த பார்வைதான்: விளக்கிச் சொல்லுடா. பேனாவை எடுத்தேன். கட்டங்களை நிரப்பியபடி, என்னையறியாமல் அவருடைய இழுவையிலேயே சொல்ல ஆரம்பித்தேன்: "மொத எழுத்த வெட்டுடா..."

வெளியே பேச்சு அடங்கியது. பிறகு கதவோரம் அத்தையின் குரல்.

"என்னங்க... வந்துட்டீங்களா?"

பேனாவைக் கீழே வைத்தேன்.

"எம்மேல இன்னும் கோவமா?"

அழுதுகொண்டிருந்தார். பேசாமலிருந்தால் கோபம் என்றாகிவிடும். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு சொன்னேன்:

"இல்ல, அத்தே."

செத்த புருஷன் பெண்டாட்டியை அத்தே என்று கூப்பிட்டதாக எங்கள் குலத்தில் வரலாறு கிடையாது. கதவு திறந்தது. முதலில் அப்பாவின் செருப்பு வந்தது, பிறகு அப்பா வந்தார்.

அடிக்கு நடுவே அத்தை பேப்பரை எடுத்துப் பார்த்தார். 'தலையிழந்த சுவாசம் வீட்டில் தங்கும்.' அந்த ஒன்று மட்டும் எனக்கு வராமல் விட்டிருந்தேன். அதற்குரிய கட்டங்களில் மாமாவின் அதே சாய்ந்த எழுத்தில் இருந்தது: வாசம்.

"ஸ்டவுட் பண்ற வேல," என்றார் அப்பா. அத்தை பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, எத்தனையோ நாளுக்குப் பிறகு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாரிடம் "கோவமா?" என்று கேட்டாலும் "இல்ல, அத்தே" என்றுதான் பதில் வரும். என் மனைவிகூட அப்படித்தான் சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கதவு திறந்திருந்தால்.