வீட்டுத் தொல்லைக் கண்காட்சி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் பரவாயில்லை. ஒரு சயின்ஸ் டீச்சர் வம்பை விலைக்கு வாங்கிய கதையைச் சொல்கிறேன்.

"'அப்பாவின் குறட்டை நிறுத்தி'யா? ஊரே படிக்குது டீச்சர்! என் மானம் கப்பலேறுது!"

கத்தியவர் ஒரு தகப்பனார். பக்கத்தில் அவர் மகள், குறட்டை கேட்டதும் முகத்தில் தண்ணீர் பீய்ச்சும் குழாயைப் பெருமையாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பள்ளியில் அன்று மாணவர் கண்டுபிடிப்புக் கண்காட்சி. "பெத்தவங்க முகம் கோணாம நடத்திக் காட்டுங்க, உங்க வேலையை நிரந்தரமாக்குறேன்" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். டீச்சரும் ஆசையாசையாய்த் தலைப்புக் கொடுத்தாள். வீட்டுத் தொல்லை ஒன்றைத் தீர்க்கும் கருவி.

பிள்ளைகள் தீர்த்துவிட்டார்கள். அடுத்த மேஜையில் 'அப்பா ஒளித்துத் தின்றால் மணியடிக்கும் பிஸ்கட் டப்பா'. அதற்கடுத்து 'அப்பாவின் கத்தலை அளக்கும் மீட்டர்'.

டீச்சர் மார்க்கரை எடுத்தாள். மேஜைகளில் இருந்த பெயர் அட்டைகளில் 'அப்பா'வை அடித்து 'மாமா' என்று எழுதினாள். அப்பாக்கள் குளிர்ந்தார்கள். அம்மாக்கள் கொதித்தார்கள்.

"என் தம்பியா குறட்டை விடுறான்? இவர் விட்டா ஜன்னலே அதிரும்!"

"நீ சும்மா இரு அக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று கூட வந்திருந்த தம்பி சட்டைக் கையை மடித்தான்.

அவசரமாக அதையும் அடித்து, 'பக்கத்து வீட்டுக்காரர்' என்று எழுதினாள். பக்கத்து வீட்டுக்காரரின் பிள்ளையும் அதே பள்ளிதான். அவர் குறட்டைக்காரத் தகப்பனாரிடம் நேராக வந்தார்.

"எங்க வீட்டுச் சுவத்துல காதை வச்சுக் கேட்டீங்களோ?"

"வைக்கணுமா? தானா வருது சார்!"

நாற்காலிகள் நகர்ந்தன. பெயர் போட்டால் சண்டைக்கு வராத ஆள் இனி ஒருத்திதான் மிச்சம். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லா அட்டையிலும் 'டீச்சர்' என்று எழுதினாள். டீச்சரின் குறட்டை. டீச்சர் ஒளித்துத் தின்னும் பிஸ்கட். டீச்சரின் கத்தல்.

மண்டபமே சிரித்தது. அப்பாவும் மாமாவும் தோளில் கை போட்டுக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வந்தார். ஒவ்வோர் அட்டையாகப் படித்தார். முகம் சுருங்கிக்கொண்டே போனது. டீச்சரை மூலைக்கு அழைத்தார்.

போச்சு வேலை என்று டீச்சர் மார்க்கரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"மேடம், அது வந்து..."

"ஒண்ணும் பேசாதீங்க. உங்க வேலை நிரந்தரம். நாளைக்கே ஆர்டர் தர்றேன்." தலைமையாசிரியை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா, நான் ஆபீஸ் ரூம் கதவைத் தாழ் போட்டுக்கிட்டுத்தானே தூங்குறேன்? அந்த டீச்சர் நான்தான்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

உங்கள் வீட்டில் குறட்டை விடுகிறவரும், அதைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடக்கிறவரும் நெடுங்காலம் ஒன்றாக வாழட்டும், கண்ணுகளா.